சீர்த்தட்டில் வைத்த கரடி

போன வாரம் சோமனூரில் இருக்கும் என் நாத்தனார் சுமதிக்கு போன் செய்தேன். எடுத்ததும், “தலைவலி பரவாயில்லையா சுமதி?” என்று கேட்டுவிட்டேன்.

“தலைவலின்னு நான் வெளிய யார்கிட்டயும் சொல்லலீங்களே அண்ணி... உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?” என்றாள்.

“சும்மா... குரலை வெச்சுச் சொன்னேன்.”

எந்தக் குரலை? நான் கேட்கும்வரை அவள் ‘அலோ’கூடச் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். சுமதியின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் எங்களுடையது. பட்டுப்பாவாடை, பழத்தட்டுகளோடு ஒரு பேசும் கரடி பொம்மையும் வாங்கினோம். நெட்டில் இணைத்தால் கதை சொல்லும். “சீர்த்தட்டுல வெச்ச பொம்மை சபையில பேசாம நின்னா மானம் போயிரும். ஊட்லயே போட்டுப் பாத்துரு” என்றார் என் வீட்டுக்காரர். போட்டுப் பார்த்தேன் – என் போனில், என் பெயரில். விசேஷத்தன்று அவர்கள் வீட்டு வைஃபையிலும் நானே இணைத்துக் கொடுத்தேன்.

ஆக, கரடி அங்கே. கணக்கு இங்கே. அது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்... ஆப்பில் ‘லைவ்’ என்ற பட்டனை ஒருநாள் தொடும்வரை. கரடி இருந்த அறையின் பேச்செல்லாம் என் போனில் கேட்டது.

தொட்டதும் மூடியிருக்க வேண்டாமா? சண்டை சச்சரவு கேட்டிருந்தால் மூடியிருப்பேன். கேட்டது வேறு. சுமதியின் கணவர் தறி ஓடும் தங்கள் குடோனிலிருந்து வந்ததும், “அம்மணி, சாப்புட்டியா?” என்கிறார். ஊர்க்கதை சொல்கிறார். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிடுகிறார். என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்பது போன் சார்ஜரைத்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் நகையைப் பார்த்து வராத பொறாமை, ஒரு தைலத்தைக் கேட்டு வந்தது. எரிய எரிய மறுநாளும் கேட்டேன்.

டிவி, கேமரா, பொம்மை எல்லாம் இப்போது நெட்டில்தான். முகம் தெரியாத திருடன் ஒட்டுக்கேட்பானோ, கம்பெனிக்காரன் கேட்பானோ என்று பயப்படுகிறோம். நியாயமான பயம்தான். ஆனால் பாஸ்வேர்டு வைத்திருக்கும் அண்ணியை யார் சந்தேகப்படுகிறார்கள்?

அந்த போனுக்கு மறுநாள் லைவைத் தொட்டால், தடதடவென்று விசைத்தறிச் சத்தம். யாழினியை வீடியோ காலில் பிடித்தேன். “கரடி எங்க கண்ணு?”

“அம்மா தறிக்குடோன்ல கொண்டுபோய் வெச்சுட்டாங்க அத்தை. இனி அங்கதான் இருக்குமாம்.”

மாமன் சீரில் வந்ததைத் திருப்பித் தரக்கூடாது, தூக்கி எறியவும் கூடாது. அதனால் முறையும் கெடாமல், என் காதையும் அடைத்துவிட்டாள் சுமதி. மகளிடமிருந்து போனை வாங்கி, “ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வந்துருங்க அண்ணி” என்றாள், வழக்கம்போல. ஒரு சொல் குறையில்லை. இனி அந்த வீட்டில் எந்த முகத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவேன்? அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அந்தப் பொறுமை மீதும் எனக்குப் பொறாமை.

கடைசியாக ஒரே ஒரு தடவை கேட்டேன். தறிச் சத்தத்தையும் மீறி சுமதியின் கணவர் கத்திக்கொண்டிருந்தார்: “போதும் அம்மணி, நீ போய் உக்காரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

கணக்கை அப்போதே அழித்துவிட்டேன். நாகரிகம் கருதித்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால், எனக்கு ஆட்சேபனை இல்லை.