பெரிய வீட்டின் வருமானம்

உலகத்தில் எது பணக்கார நாடு, எது பஞ்சப் பரதேசி நாடு என்று முடிவு செய்வது என் சித்திதான். அவள் செருப்பு அறுந்து ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்தால், அன்றைக்கு அத்தனை நாட்டு நிதியமைச்சர்களுக்கும் தூக்கம் கிடையாது.

சரி, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டு, யாருக்கு எவ்வளவு வருமானம், போன வருஷத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுகிறார்கள். எங்கள் பகுதியில் வீடு வீடாகப் போய்க் கேட்கிறவள் சித்தி. வருஷாவருஷம் அதே வீடுகள், அதே கேள்விகள்.

பதில் சொல்லும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. எதிர்வீட்டுக்காரி நின்றால், துணி தேய்க்கிற அக்கா தன் வருமானத்தை இரண்டு மடங்காக்கிவிடுவாள். அதனால் சித்தி எதிர்வீட்டுக்காரியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். அவள் சொம்போடு திரும்புவதற்குள் உண்மையை வாங்கிவிடுவாள்.

இந்த வருஷம் பல வீடுகளில் பதில் 'குறைந்தது'தான். ஏடிஎம் காவலாளி வீட்டில் காவலாளியே இல்லை, செத்துப்போயிருந்தார். அவர் மனைவி சுவரையே பார்த்தாளாம்.

எங்கள் வீட்டுக்கு யாரும் கேட்க வரவில்லை. கிடங்கை மூடி வேலை போனதிலிருந்து சித்தப்பாவும் கட்டிலில் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறார். சமையல் எண்ணெய் சின்னச் சின்னப் பாக்கெட்டில் வருகிறது.

இதில் மேலதிகாரி வேறு. "நிறைய வீடு விட்டுப்போச்சும்மா. அந்தப் பெரிய வீடும் வரலைன்னா அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்குறோம்."

தெருக்கோடியில் இருக்கிற பணக்காரரின் பெரிய வீட்டுக் கதவு சித்திக்குத் திறந்ததே இல்லை. வாசல் காவலாளியிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எனக்கு அது போதும். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் பஞ்சர் கடையில் இருக்கிறேன். முதலாளியின் போனை எடுத்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசினேன்.

"பெரிய வீட்லேர்ந்து பேசுறேன். சீக்கிரம் கேளும்மா."

"வணக்கம் ஐயா. பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஒரு நாய் இருக்கு." முதலாளி முறைத்தார்.

வருமானம் என்று வாயில் வந்த பெரிய தொகையைச் சொன்னேன். போன வருஷத்தைவிடக் கூடிவிட்டது என்று செருமினேன். எல்லாம் ஜோராகப் போனது.

"மாசக் கடைசியில கை இறுகினா எப்படிச் சமாளிப்பீங்க ஐயா?"

"எண்ணெய் சின்னப் பாக்கெட்டா வாங்கிக்குவோம்," என்றேன், டக்கென்று.

அந்தப் பக்கம் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நன்றி ஐயா" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பெரிய வீடு பதில் தர மறுத்துடுச்சுன்னு போட்டுட்டேன்," என்றாள் சித்தப்பாவிடம்.

"ஏன் சித்தி? அதான் போன்ல..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போன்ல வந்ததை எழுதினா, பெரிய வீட்டுக்காரரையும் நம்மளையும் ஒரே வரிசையில உக்கார வெச்சுடுவாங்கடா. நாடே சமமாயிடுச்சுன்னு கை தட்டுவாங்க."

"அப்ப வேலை?"

"போச்சு."

பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க ஐயா. உங்க பெரிய வீட்டுக்கு."