சின்னப்பன் இரண்டு முறை இறந்தான்

போன செவ்வாய்க்கிழமை என் நண்பன் சின்னப்பன் இறந்துபோனான். அதற்கு இரண்டு மாதம் முன்பே நான் அவனை ஒரு முறை சாகடித்திருந்தேன் — பால்பாயின்ட் பேனாவால்.

பதறாதீர்கள். சொல்கிறேன்.

நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். சமாதிகளுக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவோம். மாலையில் கல்லறைத் தோட்டத்திலேயே பூசை. இறந்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசிப்பார்கள். அந்தப் பெயர்களை எழுதி வாங்க முதல் நாளே சர்ச் வாசலில் ஒரு மேஜை போடுவார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் மேஜைக்குப் பின்னால் நான். எதிரில் இரண்டு நோட்டுகள். ஒன்று, இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கு. இன்னொன்று, நோயாளிகளின் உடல்நலத்துக்கு.

அந்த முதல் நாள், சகல புனிதர்களின் திருநாள். "பீடத்துல நிக்கிற சுரூபங்க மட்டும் புனிதர் இல்ல. நீங்க ஒவ்வொருத்தரும் புனிதராக அழைக்கப்பட்டவங்க" என்று காலையில் ஃபாதர் பிரசங்கம் வைத்திருந்தார். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வரிசையில் வந்தவர்களுக்கெல்லாம் அதை என் சொந்தச் சரக்குபோல விளக்கிக்கொண்டே எழுதினேன். அன்றாட வாழ்வில் புனிதம்... சின்னச் சின்னக் காரியங்களில் கவனம்...

கவனத்தைப் பற்றி நான் உருகிக்கொண்டிருந்தபோதுதான் சின்னப்பனின் மனைவி ஜெயராணி வந்து அவன் பெயரைக் கொடுத்தார். அவனுக்குக் கிட்னி இரண்டும் போய், டயாலிசிஸில் இருந்தான். உடல்நலத்துக்குத்தான் கொடுத்தார். நானும் எழுதினேன்.

எந்த நோட்டில் என்பதைத்தான் கவனிக்கவில்லை.

மறுநாள் மாலை, தன் அப்பாவின் சமாதி பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்த சின்னப்பன், தன் ஆன்மாவுக்காக ஊரே ஜெபிப்பதைக் கேட்டான். வேறு யாரோ ஒரு சின்னப்பன் என்று நினைக்கவும் வழியில்லை. பெயரோடு தெருவையும் எழுதுவது என் ஏற்பாடு — குழப்பம் வரக்கூடாதே என்று!

சின்னப்பன் கையைத் தூக்கினான். "ஆஜர்" என்றான்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயராணி சிரிக்கவில்லை. "ஏன்ணா இப்பிடி பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் சின்னப்பனிடமிருந்து போன். திட்டு வாங்கத் தயாரானேன்.

"ஒரு ஆட்டோ புடிச்சிக்கினு வூட்டுக்கு வா. அடி அண்ணாமலை வரிக்கும் போவணும்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சின்னப்பன் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பதினோரு வருஷமாக அவன் பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்கியதில்லை. எல்லோரும் வரிசையில் போகும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஜெயராணி அழுது பார்த்தார். மூன்று ஃபாதர்கள் மாறி மாறிப் பேசிப் பார்த்தார்கள். அதை வாங்குவதற்கு முன் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைச் செய்ய மாட்டேன் என்பான். காரணம் சொல்ல மாட்டான். இப்படியே செத்துப்போனால் மோட்சத்துக்கு எப்படிப் போவான் என்பது ஜெயராணியின் தீராத பயம்.

ஆட்டோவில் ஏறியதும் காரணம் வந்தது.

"பௌர்ணமி ஸ்பெஷல். நிக்க எடமில்ல. ஒரு அம்மா எறங்கிக்கினு இருக்காங்க... நான் பாக்காம விசில் அடிச்சிட்டேன். ஏழுமலை வண்டிய எடுத்துட்டான். அந்த அம்மாவுக்கு இடுப்பு ஒடைஞ்சி போச்சி. ஓனர் கேட்டப்போ, விசிலே அடிக்கலன்னுட்டேன். போலீஸ்லயும் அதான் சொன்னேன்."

டிரைவர் ஏழுமலைக்கு வேலை போனது. கேஸ் நடந்தது. நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார். சின்னப்பன் அதே பஸ்ஸில், வேறொரு டிரைவருக்கு விசில் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஃபாதர்கிட்ட சொல்லேன்டா" என்றேன்.

"நேத்தே சொல்லிட்டேன். மன்னிப்பு குடுத்துட்டாரு. ஆனா கோர்ட்டுக்கு நடந்தது ஃபாதர் இல்லியே."

கொஞ்ச தூரம் போனோம். பிறகு, வெட்கமில்லாமல், இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"செத்தப்புறம் எழுது. நிஜமா செத்தப்புறம்."

உலகமே முக்தி தேடி வருகிற ஊர் இது. செங்கம் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கும் வெள்ளைக்காரர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் மோட்சத்துக்கு ஆட்டோவில் போகலாம் என்று எனக்கு யாரும் மறைக்கல்வி வகுப்பில் சொல்லித்தரவில்லை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் ஏழுமலைக்கு ஒரு டீக்கடை. சின்னப்பனால் இறங்க முடியவில்லை. கால்கள் அப்படி வீங்கியிருந்தன. ஏழுமலைதான் கையைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு வந்தார்.

"யாரு... கண்டக்டரா? என்னாய்யா இப்பிடி ஆயிட்ட?"

"ஏழுமலை, அன்னிக்கி விசில் அடிச்சது நான்தான்."

"அத என்கிட்டயே சொல்றியா? என் காதுலதான்யா கேட்டுது."

சின்னப்பன் கும்பிட்டான். வாய் கோணி அழுதான். ஏழுமலை குனிந்து அவன் காலைப் பார்த்தார்.

"சரி விடு. மன்னிச்சிட்டேன். அழாத. டீ குடிக்கிறியா?"

தண்ணீரையே அளந்து குடிக்கச் சொல்லியிருந்த டாக்டர் பார்த்திருந்தால் கத்தியிருப்பார். சின்னப்பன் முழு கிளாசையும் குடித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெயராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நற்கருணை வரிசையில் நின்றான். அதற்கப்புறம் அவனுக்கு உடம்பு தேறவில்லை. நானும் நோட்டில், சரியான நோட்டில், நான்கு முறை எழுதிப் பார்த்தேன். பயனில்லை.

அடக்கத்துக்கு ஏழுமலை வந்திருந்தார். கையில் ரோஜா மாலை. சர்ச்சுக்குள் வரலாமா கூடாதா என்று தெரியாமல் கேட் அருகிலேயே நின்றார். போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க அன்னிக்கி மன்னிச்சீங்க பாருங்க... எங்கள்ல அதுக்குப் பேருதான் புனிதம்" என்றேன். நவம்பரில் மிச்சமிருந்த சரக்கு.

ஏழுமலை என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாரு சார் மன்னிச்சது? சாவப்போற மனுசன் கும்புட்டுக்கினு ஒக்காந்திருக்கான். வேற என்னா சொல்றது? அந்தக் கோர்ட்டு வாசல நெனச்சா இப்பவும் பத்திக்கினு வருது."

மாலையை என் கையில் கொடுத்தார். நாலடி போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க சாமியாருங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். இன்னேரம் மோட்சத்துக்குள்ள போயிருப்பான். பாவம், திருப்பி அனுப்பிடப் போறாங்க."