பழுதாகாத சார்ஜர்

எங்கள் வீடு ஆர்.எஸ்.புரத்தில், நகைக்கடை இரைச்சல் எட்டாத ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. வீட்டு கேட்டை ஒட்டி ஒரு மின்வாகன சார்ஜர் வைக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. அவர் பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். ஓய்வுக்குப் பிறகு ஒரு மின்சாரக் கார் வாங்கினோம். அதை ஓட்டியதைவிட பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான் அவருக்கு அதிகம்.

எங்கள் காருக்கு மட்டும் என்றால் சுவரில் ஒரு பிளக் பாயின்ட் போதும். ஆனால் ஊராரும் வந்து போட்டுக்கொள்கிற மாதிரி வைத்தால் அரசு மானியம் கிடைக்கும், மின்வாரியத்தில் அதற்கென்று தனி மீட்டரும் தனிக் கட்டணமும் உண்டு என்று அவர் எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து அலைச்சல்தான். இந்த ஆபீஸ், அந்த ஆபீஸ், போட்டோ, வரைபடம், திரும்ப போட்டோ.

"எதுக்குங்க இத்தனை பாடு? நமக்கு மட்டும் போட்டுக்கலாமே" என்றேன்.

"நமக்கு மட்டும் போட்டா அது பிளக்கு. ஊருக்கும் சேத்துப் போட்டாத்தான் சார்ஜரு" என்றார்.

மானியம் வந்தது. சார்ஜரும் வந்தது. கேட்டுக்கு உள்ளே, ஆனால் தெருவிலிருந்து வருகிற வண்டி நிற்க வசதியாக இடம் விட்டு வைத்தார்கள். பகல் முழுக்க கேட் திறந்தே இருக்க வேண்டும் என்றார் அவர். மதிய வேளையில்தான் வண்டிகள் வரும். ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள், மருந்துக் கம்பெனிக்காரர்கள், ஆட்டோக்கள். அவர் ஒரு நாற்காலியைப் போட்டு அவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். பேட்டரி சூடாகுதா, மேட்டுல எப்படி இழுக்குது என்று விசாரணை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த வீட்டில்கூட அவர் அத்தனை கேள்வி கேட்டதில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, மாடிப்படி இறங்கக் கூடாது, மதியம் கட்டாயம் தூங்க வேண்டும், யாரும் வந்து பேச்சுக் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். ஊர்க்காரர்களைத் தடுத்துவிடலாம். வண்டிகளின் ஆரன் சத்தத்தை எப்படித் தடுப்பது? அவர் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து கேட்டில் ஒரு ஆரன் கேட்கும். உடனே விழித்துக்கொள்வார். "ஆரு வந்துருக்கறாங்க? போய்ப் பாரு, கேபிள் சிக்கியிருக்கும்" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். மூச்சு வாங்கும்.

ஒரு காலையில் பிரிட்ஜ் வந்த அட்டையைக் கிழித்து, 'சார்ஜர் பழுது' என்று பெரிதாக எழுதி கேட்டின் வெளிப்புறத்தில் கம்பியால் கட்டினேன். கேட்டையும் சாத்தினேன். மாடி ஜன்னலிலிருந்து சார்ஜர் தெரியும், அட்டை தெரியாது. அவரிடம் சொல்லவில்லை.

தெரு அமைதியாகிவிட்டது. அவர் மதியம் நன்றாகத் தூங்கினார். அடுத்த முறை போனபோது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அட்டை கட்டியது சரிதான் என்று டாக்டரே சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

சனிக்கிழமைகளில் சரவணம்பட்டியிலிருந்து மகள் வருவாள். அவளுடையதும் மின்சார வண்டி. அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, "என்னம்மா இது, வெளிய பழுதுன்னு இருக்கு, உள்ள நல்லாத்தான ஏறுது?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்காகத்தான் கண்ணு. கொஞ்ச நாளைக்கு."

"இது மானியத்துல போட்டதும்மா."

"எனக்குத் தெரியாதா? உங்கப்பா உசுரைவிட மானியம் பெருசா?" என்றேன். அன்று சாயங்காலம் அவள் வண்டி முழுச் சார்ஜோடு போவதைப் பார்த்துவிட்டு கேட்டைச் சாத்தினேன். கேட்டின் வெளியே நான் எழுதியது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் உள்ளே வந்தேன்.

அதற்கடுத்த வாரம், நல்ல வெயிலில் ஒரு மின்சார ஆட்டோ கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவளை எனக்குத் தெரியும். நாற்பது வயதிருக்கும். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கும். முன்பெல்லாம் தினமும் மதியம் வந்து அரை மணி நேரம் சார்ஜ் போடுவாள். ஊருக்குப் போயிருந்து அன்றுதான் திரும்பியிருக்கிறாள் போலும். அட்டையைப் படித்தாள். ஆரன் அடிக்கவில்லை. "ஏனுங்க, ஊட்டுல ஆராச்சும் இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பக்கத்துக் கட்டிலில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இறங்கிப் போய் கேட்டைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? போகவில்லை. திறந்தால் பழுது பொய் என்றாகிவிடும். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அது மெதுவாக உருண்ட விதத்திலேயே பேட்டரியில் ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

இதற்கிடையில் அவர் வேறு மாதிரி வாடிப் போய்க்கொண்டிருந்தார். "இன்னைக்கும் ஆரும் வரலியா?" என்று கேட்பார். "வரலீங்க" என்பேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சார்ஜரையே பார்ப்பார். பேப்பர் படிப்பதை விட்டார். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துகொள்வார்.

"ஊருக்கு வேண்டாத சாமானைக் கொண்டாந்து வெச்சுப்போட்டேன் போல. வாரியத்துல எழுதிக் குடுத்து மீட்டரைக் கழட்டிடலாம்" என்றார் ஒரு நாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "உடம்பு தேறட்டும், பாத்துக்கலாங்க" என்றேன்.

மெதுவாகப் படி இறங்கலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு ஒரு காலையில், நான் பின்கட்டில் இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். கேட்டில் அந்த ஆட்டோக்காரியின் குரல். கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடி வருவதற்குள் அவர் இறங்கிப் போயிருந்தார். அவளோடு ஒரு ஆள் கையில் டூல்ஸ் பையோடு நின்றிருந்தான்.

"அன்னைக்கு வந்தப்ப பழுதுன்னு பாத்தேனுங்கய்யா. இன்னும் அப்பிடியே இருக்குது. பெரியவங்க மட்டும் இருக்கற ஊடு, கம்பெனிக்காரங்க இப்ப வாரேன் அப்ப வாரேன்னு இழுத்தடிப்பாங்க. இவன் என்ற கூடப்பொறந்த தம்பிங்க, இந்த வேலைதான் பாக்கறான். காசெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. நாங்களும் இதை நம்பித்தான ஓட்டறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்டின் வெளியே போய் அட்டையைப் படித்தார். நாற்பது வருடமாக என் கையெழுத்தைப் பார்க்கிறவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. எதையோ கூட்டிப் பார்த்து விடை வந்த முகம். அட்டையை அவிழ்த்து, எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"பழுதாத்தான் இருந்துச்சு அம்மணி. இப்பச் சரியாயிருச்சு. அட்டையக் கழட்ட மறந்துபோட்டோம். வண்டியப் போடு" என்றார்.

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

வண்டி சார்ஜ் ஏறியது. அவள் சிரித்துக்கொண்டே, அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அப்படித்தான், அட்டையைப் படித்துவிட்டு அவள் திரும்பிப் போன அந்த நாளின் மிச்சக் கதை எங்களுக்குத் தெரிந்தது. இங்கே சார்ஜ் போட்டுக்கொண்டு போய், அடுத்த தெருவைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது அவள் வழக்கம். அன்று பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. அவள் வேறு ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள், பிள்ளைகள் அவளைத் தேடி மெயின் ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரு பூக்காரம்மா கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்திருக்கிறாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாளே பெற்றவர்கள் பிள்ளைகளை வேனில் சேர்த்துவிட்டார்கள்.

"அவிய மேல தப்பில்லீங்க. பிள்ளைங்க ரோட்டுல நின்னா எந்தத் தாய்க்குப் பொறுக்கும்? நீங்களுந்தான் என்னங்க பண்ணுவீங்க, மிஷினுன்னா பழுதாகத்தான செய்யும்" என்றாள்.

நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய், வெறும் சொம்போடு நின்றேன்.

அவர்கள் போன பிறகு அவர் மாடிக்கு வந்து அட்டையைக் கட்டிலுக்கடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "எனக்காகத்தான் செஞ்சே. அது தெரியுது. ஆனா நான் தூங்கறதுக்கு அந்தப் புள்ளைங்க ரோட்டுல நின்னுருக்குதுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்றார். "அதுக்குத்தான் கேக்கோணும்."

மறுநாள் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போனேன். தாய் கதவைத் திறந்தாள், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு ஆட்டோக்காரி மேல் இல்லை, என் மேல் என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னதுக்கு நன்றிங்க டீச்சர். அந்தக்கா மேல எனக்குக் கோவமில்லீங்க. ஆனா சின்னவ இப்பவும் ஆட்டோன்னா அழுகறா. வேன்லயே போகட்டுங்க" என்றாள். மரியாதையாகத்தான் வழியனுப்பினாள். ஆனால் எப்போதும் சொல்கிற "உள்ள வாங்க" அன்று வரவில்லை.

ஆட்டோக்காரியிடமும் சொன்னேன். அடுத்த முறை அவள் வந்தபோது காபி கொண்டுபோய்க் கொடுத்து, "கண்ணு, சார்ஜர் பழுதாகவே இல்ல. நான்தான் எழுதிக் கட்டினேன். நீ கூப்புட்டப்ப ஊட்டுலதான் இருந்தேன்" என்றேன்.

டம்ளர் அவள் கையில் நின்றுவிட்டது.

"மாடில திரை ஆடுச்சுங்க. காத்துன்னு நெனச்சுட்டேன்" என்றாள் மெதுவாக. பிறகு, "அய்யாவுக்கு ஒடம்புக்கு ஆகலைன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா, நாங்க வேற எடம் பாத்துட்டு முன்னாலயே கெளம்பியிருப்போமுங்க" என்றாள். அவ்வளவுதான். காபியை அப்படியே திண்டில் வைத்துவிட்டு, கேபிளைக் கழற்றிச் சுற்றி மாட்டி, "வாரேனுங்கம்மா" என்று போய்விட்டாள். அத்தனைக்கும் நடுவில் ஒரு 'ங்க' குறையவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதன் பிறகு நெடுநாள் அவள் வரவில்லை. கேட் பழையபடி பகல் முழுக்கத் திறந்திருந்தது. மதியம் மட்டும் அவர் பின்பக்க அறையில் படுத்துக்கொண்டார். அங்கே ஆரன் அவ்வளவாகக் கேட்காது. அந்த யோசனை எனக்கு முதலிலேயே ஏன் வரவில்லை என்று இன்றும் தெரியவில்லை. மற்ற வண்டிகள் வந்தன. அவர் முகத்தில் ரத்தம் ஊறியது. அந்தியூர் சந்தைக்குப் போகிற ஒரு குடும்பம் வந்து நின்ற நாளில், பின்சீட்டுக் குழந்தைக்கு மோட்டார் எப்படிச் சுற்றும் என்று கையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் தொடங்கியபோது அவள் மறுபடி வந்தாள். இப்போது ஒரு ஆஸ்பத்திரி நர்சுகளை விடுதிக்குக் கொண்டுபோய் விடுகிறாளாம். அவரோடு சிரித்துப் பேசுவாள். என்னிடம் "நல்லா இருக்கீங்களாம்மா?" என்பதோடு சரி. காபி வேண்டுமா என்று நான் கேட்பதில்லை.

போன மாதம் செக்கப்புக்குக் கிளம்பியபோது, காரை எடுக்க வேண்டாம் என்றார் அவர். "அந்தப் புள்ளையோட வண்டியில போலாம்" என்று அவளையே வரச் சொன்னார். வழி முழுக்க இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்கி வந்து அவரைத் தாங்கி இறக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தண்ணி நிக்குதுங்கம்மா, பாத்து" என்று கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

எல்லா சவாரிகளுக்கும் நீட்டுகிற கைதானா, இல்லை எனக்கென்று நீட்டியதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. நாங்கள் திரும்பி வரும்வரை அவள் மழையில் காத்திருந்தாள்.