சனிக்கிழமைக்குத் தள்ளிப்போன முறை

படகு இஞ்சின் ஒழுங்காக ஓடியிருந்தால் எனக்கு அந்த எண்ணமே வந்திருக்காது. தோணிரேவுக் கரையைத் தாண்டி, உப்பேரியின் நடுவில், நைனாவும் நானும், அப்பனும் மகனுமாக, வலையெடுத்துத் திரும்பிக்கொண்டிருந்தோம். பழைய டீசல் இஞ்சின் ஆறு தட்டுத் தட்டி, ஏழாவதில் மூச்சுத் திணறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நைனா அதைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். நான் இறால் பொறுக்குவதை விட்டுவிட்டுத் தொடையில் தட்டிப் பார்த்தேன். ஆறு, ஒரு திணறல். ஆறு, ஒரு திணறல். இதன்மேல் எலெக்ட்ரிக் கிதார் கரகரவென்று ஏறினால்? அதன்மேல் எங்கள் ஊர் ஆட்கள் பேசுகிற பேச்சே, பூச்சில்லாமல், வரிகளாக வந்தால்?

"டேய், இன்னா பண்றே? ஜுரமா?" என்றார் நைனா.

"இஞ்சினை நிறுத்திடாத நைனா. இன்னும் கொஞ்சம் ஓட்டு."

"நான் எங்கடா ஓட்றேன்? அது இஷ்டத்துக்கு ஓடுது."

கரை சேர்வதற்குள் பாதிப் பாட்டு என்னிடம் இருந்தது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஏழு மாதம் ஒப்பந்த வேலை பார்த்தேன். அதை விட்டதற்குக் காரணம் கிதார்தான். இப்போது வாரத்தில் இரண்டு நாள் மீஞ்சூரில் பிள்ளைகளுக்குக் கிதார் சொல்லிக்கொடுக்கிறேன், மற்ற நாள் நைனாவோடு ஏரி. எங்கள் குழுவில் மூன்று பேர். டிரம்ஸ் வாசிப்பவனும் பேஸ் வாசிப்பவனும் சென்னையில். பாட்டு எழுதுவதும் மெட்டுப் போடுவதும் நான்.

எங்கள் ஊரில் ராக் வாசிப்பது எப்படியென்றால், புதுக் கம்பி மாட்டினால் உப்புக்காற்றில் பத்தே நாளில் துருப்பிடிக்கும். ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் எதிர்வீட்டு மாமா ஜன்னல் வழியாகக் கேட்பார்: "இன்னா நைனா, உம்புள்ள வூட்டுக்குள்ளயே வெல்டிங் பட்டறை வெச்சிட்டானா?" இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது விரல். கிதார் வாசிக்க இடக்கை விரல்நுனி காய்ப்புக் காய்த்திருக்க வேண்டும். ஏரித் தண்ணீரில் ஆறு மணி நேரம் நின்று வலை இழுத்தால் அந்தக் காய்ப்பு ஊறி, தோலோடு உரிந்து வந்துவிடும். நான்கு வருடமாக வளர்ப்பதும் உரிவதுமாகவே இருக்கிறேன்.

சென்னையில் சுயமாகப் பாட்டுப் போடும் குழுக்களுக்கென்று ஒரு மேடை. பதிவு செய்த பாட்டை அனுப்பினால் கேட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். நாங்கள் இஞ்சின் பாட்டை அனுப்புவதாக முடிவானது. பதிவில் யார் வாசிக்கிறார்களோ அவர்கள்தான் மேடையில் ஏற வேண்டும். ஸ்டூடியோவுக்கு நாள் கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு, "சனிக்கிழமை போட்ரு, நான் ஃப்ரீ" என்றேன்.

அதைச் சொன்னது கணக்குப் போட்டுத்தான். இறால் நன்றாக விழும் இடத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலைகட்ட முடியாது. சீட்டுக் குலுக்கி வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறோம். இன்று இவர், நாளை அவர். முறையை விட்டால் மறுபடி ஊரெல்லாம் சுற்றித்தான் வரும். எங்கள் முறை வெள்ளிக்கிழமை வந்தது. அதனால் சனிக்கிழமை காலி. நான் மறந்தது ஒன்றுதான். ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் ஏரியில் இறங்க மாட்டோம். அந்த நாள் கணக்கில் சேராது. எல்லோருடைய முறையும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

புதன்கிழமை காலை பின்தெருவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். சின்ன வயதில் எனக்கு நீச்சல் பழக்கிவிட்டவர். செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. 'ஐயோ, சனிக்கிழமை' என்றுதான் வந்தது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நைனா தனியாகப் போயிருக்கலாம், கை நன்றாக இருந்திருந்தால். முந்தின வாரம் கெளுத்தி மீன் முள் குத்தி வலதுகை மணிக்கட்டுவரை வீங்கியிருந்தது. "நீ போடா, நான் எவனையாச்சும் கூப்டுக்கறேன்" என்றார். யாரைக் கூப்பிடுவார்? அவரவருக்கு அவரவர் வலை. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"கணக்கு போட்டியே, சாவுக்கு ஒரு நாள் வுட்டுப் போடத் தெரியலயா உனக்கு? படிச்சவன் வேற" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

டிரம்ஸ்காரனுக்குப் போன் செய்தேன்.

"மச்சி, சனிக்கிழமை வர முடியாதுடா. இங்க ஒரு சாவு."

"அடப்பாவமே. எப்போ எடுக்கறாங்க?"

"இன்னிக்கு சாயந்தரம்."

"அப்பால சனிக்கிழமைக்கு இன்னா?"

முறை தள்ளிப்போகும் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு, "நீ வர்லன்றது மூணாவது தபா மச்சி இது. ஸ்டூடியோவை நான் கேன்சல் பண்ண மாட்டேன்" என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். நைனா இடக்கையால் கழியைப் பிடித்துக்கொள்ள, நான் வலையை இழுத்தேன். இறால் நன்றாகவே விழுந்தது. நைனா சிரித்தார். எனக்கு அந்த இறாலைத் திரும்ப ஏரியிலேயே கொட்ட வேண்டும்போல இருந்தது.

திங்கட்கிழமை மீஞ்சூரில் ரயிலேறி டிரம்ஸ்காரன் அறைக்குப் போனேன். ஹெட்போனைக் கொடுத்தான். என் பாட்டு. வேறு யாரோ வாசித்திருந்தார்கள், என்னைவிடச் சுத்தமாக. ஆனால் திணறலைக் காணோம். ஏழாவது தட்டில் மூச்சு முட்ட வேண்டிய இடத்தை இழுத்து நீட்டி எட்டாக்கி, சமமாக, தார்ரோட்டில் போகும் கார் மாதிரி ஆக்கியிருந்தார்கள்.

"எட்டாயிடுச்சேடா."

"அந்தப் பையனுக்கு ஏழு ஒக்காரல. நல்லாத்தான கீது?"

நல்லாத்தான் இருந்தது. அறையில் இருந்த கிதாரை எடுத்து, எப்படி இருக்க வேண்டும் என்று வாசித்துக் காட்டப் பார்த்தேன். சனிக்கிழமை உரிந்த விரல் இரண்டாவது சுற்றிலேயே கம்பியில் ரத்தம் பூசியது. அவன் என் கையிலிருந்து கிதாரைப் பிடுங்கி, துணியால் கம்பியைத் துடைத்தான்.

"இதை இன்னும் அனுப்பல. அடுத்த மாசம் மொத சனிக்கிழமை ஸ்டூடியோ ஒரு நாள் கெடைக்கும். நீ வந்து வாசிச்சா உன்னுது போவும். வர்லன்னா இதுதான் போவும், மேடையிலயும் அவன்தான். அதுக்கு மேல என்னால முடியாது மச்சி."

ரயிலில் உட்கார்ந்து நாட்களை எண்ணினேன். இடையில் சாவே விழாவிட்டால் எங்கள் முறை அதற்கு முந்தின நாள் முடிந்துவிடும். ஒன்று விழுந்தால் மறுபடி அதே சனிக்கிழமை. மீஞ்சூர் வருவதற்குள் ஊரில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், யார் அதுவரை தாங்குவார்கள் என்று. என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. இப்படியே இன்னும் நான்கு வருடம் ஓட்டினால் நான் பாட்டுக்காரனாகவும் இருக்க மாட்டேன், மனுஷனாகவும் இருக்க மாட்டேன்.

ஆனால் முறையை மாற்றிக்கொள்ள ஒரு வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூடும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டால், கல்யாணத்துக்கு மாற்றித் தருவார்கள், ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தருவார்கள். நைனாவிடம் சொன்னேன்.

"கிதார் வாசிக்கப் போறேன், முறையை மாத்துன்னு இந்த ஊர்ல எவனும் கேட்டதில்ல."

"கேக்கறதுல இன்னா நைனா தப்பு?"

"கேளு. நான் உம்பக்கத்துல ஒக்கார மாட்டேன்." கொஞ்சம் யோசித்து, "பின்னாடி ஒக்காந்துக்கறேன்" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் வாசலில் கூட்டம். அந்தச் சனிக்கிழமை எங்கள் முறை விழுந்தால் முறையில் அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளட்டும், அவர் நாளை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். கேட்கப்போவது இவ்வளவுதான். ஊர்த் தலைவர் "இன்னாத்துக்கு?" என்பார். சாக்குச் சொல்லப் போவதில்லை. "நான் எழுதின பாட்டை நானே வாசிச்சுப் பதியறதுக்கு" என்று சொல்லப்போகிறேன். சிரிப்பார்கள், எதிர்வீட்டு மாமா முதல் ஆளாக. அவர்கள் சிரித்து முடிக்கிறவரை உட்காராமல் நிற்க வேண்டும். அதை மட்டும் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.