வார்னிஷ் பூசாத கட்டில்

வேலி மரத்தில் தன் கலியாணக் கட்டிலைத் தானே செய்கிறாள் என்ற கதை புத்தளத்துக் கரைத்தீவில் பரவியபோது ஷிஹாரா அதை மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? தென்னந்தோட்டத்து வேலியில் முள்ளுக்கம்பி சுமந்து நின்ற கிளிசரியா மரந்தான் அது. விறகுக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு ஏற்றிவந்திருந்தாள்.

தில்லையடியில் ஒரு தளபாடக் கடைக்கு மரம் தேய்க்கப் போய், அங்கேயே கடைசல் பழகி, பிறகு பழைய மெசின் ஒன்றைத் தன் வீட்டுக் கொட்டிலுக்கே கொண்டுவந்தவள் அவள். தேக்கைக் கடைவதெல்லாம் அவளுக்கு ஒரு வேலையே இல்லை. உளியைக் காட்டினால் தேக்கு தானாக வழிவிடும். கிளிசரியா அப்படியில்லை. அதன் நார் ஒரு பக்கம் போய் மறு பக்கம் திரும்பும். உளி கொஞ்சம் மழுங்கினாலும் பிய்த்துக்கொண்டு வரும். அவசரமாகக் காயவைத்தால் வெடிக்கும். உள்ளே பழைய வேலியாணி ஒளிந்திருந்தால் உளியின் வாய் போய்விடும். அதனால் நுனிகளில் மெழுகு பூசி, நிழலில் ஆறப்போட்டு, காந்தத்தால் தடவிப் பார்த்து, ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்திருந்துதான் நாலு கால்களையும் கடைந்தாள். ஆணி இருந்த இடங்களில் கறுப்பாகக் கறை விழுந்திருந்தது. அதையும் அவள் மறைக்கவில்லை.

மாப்பிள்ளை ஸப்வானின் உம்மா பளீலாவுக்குச் செய்தி எட்டியது. உடனே ஷிஹாராவுக்குப் போன் எடுத்தார்.

"மரம் எதெண்டாலும் பரவாயில்ல மகள். தேக்குக் கலர அடிச்சிருங்க. கலியாண அறை பாக்க வாற எங்கட ஆக்களுக்கு மொகம் குடுக்க ஏலாமப் போயிரும்."

"கலர் அடிக்க மாட்டேன் மாமி."

"அப்ப நாங்க வாறதப் பத்தியும் யோசிக்கோணும்" என்று பளீலா போனை வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஷிஹாராவின் உம்மா ரம்ஸியாவுக்குச் சோறு இறங்கவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, சிறுமியாக இங்கே வந்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர். 'அகதி ஊட்டுப் பொண்ணு' என்ற சொல் எந்த வாயிலிருந்து வருமோ என்று முப்பது வருடத்துக்கு மேலாகப் பயந்துகொண்டே இருப்பவர். மகள் ஆலங்குடாவுக்குக் கதிரைக் கால்கள் கொடுக்கப் போன பகலில், வார்னிஷ் வாங்கிவந்து ஒரு காலுக்குப் பூசியே முடித்துவிட்டார். அடுத்த காலில் பிரஷை வைக்கப்போகையில் மகள் வந்துவிட்டாள்.

"உம்மா, இது என்ன வேல?"

"ஒரு பூச்சுத்தானே மகள். உள்ளுக்கு மரம் மரமாத்தானே இருக்கும்."

"இருக்கும். பாக்கிறவங்க கண்ணுக்குப் பொய்தான் தெரியும். என்னட்ட ஒளிக்க ஒண்டுமில்ல உம்மா."

கோபம் வந்தால் ஷிஹாரா அதற்கு மேல் பேசமாட்டாள், மெசினைப் போட்டுவிடுவாள். பூசிய காலை மெசினில் மாட்டினாள். வார்னிஷ் நாருக்குள் இறங்கியிருந்தது. அது போகவேண்டுமானால் மரமும் போகவேண்டும். கால் மெலிந்தது. ஒன்று மெலிந்தால் மற்ற மூன்றும் மெலியத்தானே வேண்டும்? கை பிசகினால் வேறு கால் கடையக் காய்ந்த மரமும் இல்லை. உளியைத் திரும்பத் திரும்பத் தீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாள் கனத்தில் சீவிச் சீவி எடுத்தாள். தடித்து நின்ற கால்கள் இடை சிறுத்து நின்றன. கொட்டில் வாசலில் ரம்ஸியா கடைசிவரை அசையாமல் நின்று பார்த்தார்.

பளீலா வராமல் இருப்பாரா? குறை சொல்ல ஒன்று காத்திருக்கும்போது எப்படி வராமல் இருப்பது? அறை பார்க்கவென்று ஒரு வேன் நிறையப் பெண்களோடு வந்து இறங்கினார். ரம்ஸியா கட்டிலுக்கு நிலம் தொடும் விரிப்பொன்றைப் போட்டிருந்தார். கால் ஒன்றும் வெளியே தெரியவில்லை. ஷிஹாரா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

வந்தவர்கள் கட்டில் நிறைய உட்கார்ந்தார்கள். எல்லோரும் நல்ல வாட்டசாட்டம். அந்த மெலிந்த கால்கள் ஒரு முனகல்கூட முனகவில்லை. பளீலா விரிப்பைத் தடவிப் பார்த்தார்.

"இது நல்ல யோசன. மூடித்தானே இருக்கி. கேக்கிறவங்களுக்குத் தேக்கெண்டே சொல்லுவம்."

ஷிஹாரா வாய் திறக்குமுன் ரம்ஸியா குனிந்தார். விரிப்பின் தொங்கலை இரண்டு கையாலும் அள்ளி மெத்தைமேல் போட்டார். ஆணிக்கறையோடு கால்கள் வெளியே தெரிந்தன.

"வேலி மரந்தான் மதினி. எண்ட மகள் கடைஞ்சது. கேக்கிறவங்களுக்கு அப்படியே சொல்லுங்க. ஏலாதெண்டா எழும்புங்க."

கட்டிலிலிருந்து ஒருவரும் எழும்பவில்லை.