பிரைமர் பூ

ஊரில் பாதி வீடுகளின் நிறத்துக்கு அவர்தான் பொறுப்பு. நன்றாக அமைந்த நிறங்களுக்கு அவர் பேர் வாங்கிக்கொண்டார். மற்றவற்றுக்குப் பெயின்டர்கள் திட்டு வாங்கிக்கொண்டார்கள். பெயின்ட் கடையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நிறம் சொல்வதுதான் வேலை. தலை நரைக்கும்வரை அதையேதான் செய்தார்.

"தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்னு பாக்கணும் சார். வீட்டுக்குள்ள இருக்கிறவனுக்கா வெளிச்சுவர் தெரியப்போகுது?" என்பார். கேட்டவர்கள் அவர் சொன்ன நிறத்தையே வாங்கிப்போவார்கள். கலர் சார் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. நிஜப்பெயரைச் சொன்னால் தபால்காரரே கொஞ்சம் யோசிப்பார்.

ஓய்வு பெற்ற அன்று கடையிலிருந்து, நிற மாதிரிகள் அச்சடித்த ஷேட் கார்டுகளைக் கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் பூசுவதற்குச் சுவர் பாக்கியில்லை. கை சும்மா இருக்குமா? வீட்டுக்கு முன்னால் வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தில் பூச்செடி வைப்பதென்று முடிவெடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் மனைவி. அது அவருக்கு ஞாபகம் இல்லை.

மனைவிக்கு முட்டிவலி. காய் நறுக்குவது, துணி மடிப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாம் தெருப்பக்கம் பார்த்த சமையலறை ஜன்னலோரத்தில்தான்.

"என்னங்க, இந்த ஜன்னலுக்கு நேரா ஒரு நந்தியாவட்டை வைங்க. பொழுது சாஞ்சப்புறமும் வெள்ளையாத் தெரியும். எனக்கு அது ஒண்ணு போதும்."

"வெள்ளையா? அது கலரே இல்லையே. பிரைமர். கலர் அடிக்கிறதுக்கு முன்னால அடிக்கிறது."

அவள் அதோடு காய் நறுக்கத் தொடங்கினாள். அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியவளுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

நர்சரியில் ஒவ்வொரு பூவின் பக்கத்திலும் ஷேட் கார்டைப் பிடித்துப் பார்த்தார் கலர் சார். செடி எவ்வளவு உயரம் வளரும், வெயில் எவ்வளவு வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்தச் செம்பருத்தி கொஞ்சம் தூக்கலா இருக்கு. ஒரு ஷேட் கம்மியாக் கிடைக்குமா?" என்றுதான் கேட்டார். நர்சரிக்காரர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். "நிறையத் தண்ணி ஊத்துங்க சார், கம்மியாகும்" என்றார். சார் அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

காம்பவுண்டை ஒட்டிக் காகிதப்பூ, அடுத்து அரளி, ஜன்னலுக்கு நேராக இளஞ்சிவப்புச் செம்பருத்தி. அடர்த்தியில் தொடங்கி வெளிறிக்கொண்டே போகும் வரிசை. எந்தத் தொட்டி எங்கே என்று பார்க்க அவர் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு தொட்டிகளை நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் இடது. உன் இடது இல்ல, என் இடது."

செடிகள் நன்றாகவே வளர்ந்தன. அவற்றைக் குறை சொல்ல முடியாது. வெயில் தெருப்பக்கமிருந்துதான் வந்தது. எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்து, அங்கேயே பூத்துக் குலுங்கின. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சார் வாசலில் நின்று பாராட்டை வாங்கிக்கொண்டார். உள்ளே, சமையலறை ஜன்னலுக்குக் கிடைத்தது குச்சியும் இலையின் முதுகும்தான். பட்டப்பகலில் விளக்குப் போடாவிட்டால் உப்பு எது, சர்க்கரை எது என்று தெரியவில்லை.

"ஜன்னலை மறைக்கிறதை மட்டுமாவது வெட்டிவிடலாமாங்க? குகைக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு."

"தெருவே மெச்சுது. இவளுக்கு வெட்டணுமாம்."

ஒரு சாயங்காலம் டீ வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார். சமையலறை இருட்டாக இருந்தது, ஆளில்லை. கொஞ்ச நாளாகவே டீ தாமதமாக வந்துகொண்டிருந்தது. தாமதத்தைக் கவனித்தவர் காரணத்தைக் கவனிக்கவில்லை. வெளியே வந்து பார்த்தால், எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் வராந்தாவில் மனைவியின் புடவை தெரிந்தது. அந்த முட்டியை வைத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

சார் விடுவிடுவென்று அங்கே போனார். தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். மனைவி கையில் டீ டம்ளரோடு, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே, சுவரோரத் தொட்டியில் ஒரு நந்தியாவட்டை. முகம் கழுவியதுபோல வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது.

"இது எப்ப வச்சீங்க?" என்று தையல்காரம்மாவைக் கேட்டார்.

"நான் எங்க வச்சேன். அக்காதான் வாங்கிட்டு வந்தாங்க. தண்ணியும் அவங்கதான் ஊத்துறாங்க."

சார் தெருப்பக்கம் திரும்பினார். எதிரே அவருடைய வீடு. சாயங்கால வெயிலில் அடர்த்தியிலிருந்து வெளிறல் வரைக்கும் எல்லா ஷேடுகளும் வரிசை பிசகாமல் எரிந்தன. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்த கோபமே மறந்துபோனது.

"நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உக்காரேன். இங்கேருந்து பாத்தா நம்ம வீடு எவ்வளவு நல்லாத் தெரியுது பாரு."

அவள் திரும்பவில்லை. டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தாள்.

"தெரியுதுங்க. அதனாலதான் இப்படிப் போட்டு உக்காந்திருக்கேன்."