எதிர்ப்பக்கம் மடித்த இலை

சாம்பாரைக் குறை சொல்லி முப்பது வருட நட்பைத் தொலைத்த முட்டாள் நான். வாழையிலைச் சோறு என்றால் கோலாலம்பூரில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ்தான், பக்கத்து ஊர்க் கிள்ளான்காரர்கள் சாம்பார் என்ற பெயரில் பாயசம் ஊற்றுகிறார்கள் என்று போகிற இடமெல்லாம் பேசுவேன். பிடிக்காத கடையில் இலையை என் பக்கம் மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுவேன். அதுதான் என் தீர்ப்பு.

கிள்ளானில் நண்பன் சேகர் மகளின் கல்யாணப் பந்தியிலும் சாம்பார் இனித்தது. கை, பழக்கத்தில் இலையை எதிர்ப்பக்கம் மடித்துவிட்டது. துக்க வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள் என்று உறைத்தபோது சேகர் என் முன்னால் நின்றிருந்தான்.

“என் மக கல்யாணத்துலயாடா?”

“இல்லடா, இந்தக் கிள்ளான் சாம்பார்...”

“நீ தலையில தூக்கிவச்சு ஆடுற பிரிக்பீல்ட்ஸ் கடை சாம்பார்டா அது. உனக்காகத்தான் அங்க ஆர்டர் கொடுத்தேன்.”

என் இலையை அவனே எடுத்துப் போனான். அதன்பின் நான் எத்தனை முறை அழைத்தும் அவன் போனை எடுக்கவில்லை. நாக்கு என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் வெறும் ஊர்த்திமிர்தான் போலிருக்கிறது.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட மனைவியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

“அந்தச் சாம்பாரத்தான் மூணு தடவ கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டீங்க லா,” என்றாள்.